எச்சரிக்கை விளக்கும் எரிபொருள் குழாயும்

மோட்டார் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, வேகமானிக்கு அருகில், மஞ்சள் நிறச் சிறு விளக்கு ஒன்று உண்டு. எஞ்சினின் பக்கத் தோற்றத்தைக் கோட்டுருவாகக் கொண்ட அவ்விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அது அணையாமல் நின்றாலோ, வழியில் திடீரென எரியத் தொடங்கினாலோ, பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று மாதக் கணக்கில் பாராமுகமாக இருப்போர் ஒரு சாரார். அச்சத்தால் முதலில் தென்பட்ட பட்டறைக்குள் நுழைந்து, சொல்லப்பட்ட உறுப்புகளையெல்லாம் மாற்றிவிட்டு, பத்து நாளில் அதே விளக்கை மீண்டும் காண்போர் மற்றொரு சாரார். இவ்விரு வழிகளுக்கும் இடையே, பொருளும் உயிரும் காக்கும் நடுவழி ஒன்று இருக்கிறது. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சொந்த மாநிலத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இது வெறும் பட்டறைச் செய்தி அன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஊர் திரும்பும் பயணம் நீண்டது. அதற்கு நம்பியிருப்பது ஒரு பழைய காராகவும் இருக்கலாம். வழியில் வண்டி நின்றால், அவ்வூர் மொழியில் குறையை எடுத்துரைப்பதும் எளிதன்று. ஆதலின் அவ்விளக்கு என்ன கூறுகிறது, என்ன கூறாமல் விடுகிறது என்பதை நாமே அறிந்து வைத்திருப்பது நலம்.

முதலில் அதன் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் அதனை 'செக் எஞ்சின்' விளக்கு என்பர். மொழிபெயர்ப்பில் பழகியோர் இத்தொடரில் முதலில் கவனிப்பது அதன் வினைச்சொல்லையே. எஞ்சின் கெட்டுவிட்டது என்று அது அறிவிக்கவில்லை. எஞ்சினைச் சோதித்துப் பார் என்று ஏவுகிறது. சோதனையைத் தொடங்கச் சொல்லும் விளக்கினை, சோதனையின் முடிவாக எடுத்துக்கொள்வதே பலரும் செய்யும் பிழை. எண்ணெய் அழுத்தத்தையும் எஞ்சின் வெப்பத்தையும் குறிக்கும் சிவப்பு விளக்குகள் வேறு. அவை எரிந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. மஞ்சள் விளக்கோ நம் சிந்தனையைக் கோருகிறது.

இவ்விளக்கின் வரலாற்றோடு தொடர்புடைய ஓரிடம், தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெங்களூரிலேயே இருக்கிறது. ஒசூர் சாலையை ஒட்டிய அடுகோடிதான் அது. மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்னும் நிறுவனம் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் தொடர்போடு 1951ஆம் ஆண்டு தோன்றியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்த 'மைக்கோ' என்ற பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. எஞ்சினுக்குள் நெருப்பு மூட்டும் ஸ்பார்க் பிளக்குகளும், டீசலை அளந்து தெளிக்கும் கருவிகளும் அடுகோடித் தொழிற்சாலையில் உருவாயின. 2008ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என மாறிற்று. ஆயினும், அருகிலுள்ள மைக்கோ லேஅவுட் என்னும் குடியிருப்பின் பெயரில் பழைய பெயர் இன்றும் வாழ்கிறது. உற்பத்திப் பணி நகருக்கு வெளியே பிடதிக்கு நகர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடுகோடி வளாகம் தொழில்நுட்ப ஆய்வு வளாகமாகப் புதுவடிவில் திறந்து வைக்கப்பட்டது. இரும்பைக் கடைந்த இடத்தில் இன்று மென்பொருள் எழுதப்படுகிறது. ஓரிடத்தின் இம்மாற்றம் மோட்டார் காரில் நேர்ந்த மாற்றத்திற்கும் சான்றாகும்.

அம்மாற்றம் யாது? பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்தது கார்புரேட்டர் என்னும் எளிய கருவி. காற்று விரைந்து செல்லும்போது தோன்றும் உறிஞ்சலால் பெட்ரோல் தானே மேலேறிக் கலந்தது. அதற்குப் பெட்ரோலைக் கொண்டு சேர்த்த பம்பின் அழுத்தம் மிகச் சிறிது. பாஷ் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாட்டை ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்காக அறிமுகம் செய்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதன் விளைவாக, கார்கள் கார்புரேட்டரை விட்டு இம்முறைக்கு மாறின. இதில் பெட்ரோல் டாங்கிக்குள் அமர்ந்த மின் பம்பு, ஏறத்தாழ மூன்று முதல் நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் அளவே என்பதை ஒப்பிட்டால், இதன் வலிமை புலப்படும். பழைய கார்புரேட்டர் வண்டியில் குழாய் வெடித்தால் பெட்ரோல் சொட்டும். தெளிப்பு முறை வண்டியில் அது பீறிடும்.

பெட்ரோலை அளந்து தெளிக்கும் பொறுப்பு கணிப்பொறிக்கு வந்தபோது, அளவு சரிதானா என்று சோதிக்கும் புலன் ஒன்றும் வேண்டியதாயிற்று. பெட்ரோல் ஒரு பங்கு முழுவதும் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் எஞ்சிய ஆக்சிஜனை முகர்ந்து, இவ்விகிதம் பிசகுகிறதா என்று அறிவிக்கும் லாம்டா உணரியை 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தினர். அதுவும் பாஷ் நிறுவனத்தின் ஆக்கமே. உணரிகள் பெருகியபோது, அவை தரும் செய்திகளில் முரண் கண்டால் அதை நினைவில் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றும் ஏற்பாடும் பிறந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் அனைத்திலும் இவ்வேற்பாடு ஒரே ஒழுங்கில் அமைய வேண்டுமென விதியாயிற்று. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் தொடங்கி 2013 ஏப்ரலுக்குள் இரு படிகளில் இது கார்களுக்குக் கட்டாயமானது.

ஆகவே இவ்விளக்கு பிறந்ததன் முதல் நோக்கம் புகையைக் கட்டுப்படுத்துவதாகும். இதனை மறவாதிருத்தல் வேண்டும். புகை மிகும் குறை எதுவாயினும் அது கூறும். புகையோடு தொடர்பில்லாத குறை எவ்வளவு கொடியதாயினும் அது வாய்திறவாமல் இருந்துவிடலாம்.

இனி, குறையை ஆராயும் முறைக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலருகில், பதினாறு முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் உள்ளது. அதில் குறியீடு படிக்கும் சிறு கருவியைப் பொருத்தினால், கணிப்பொறி குறித்து வைத்த எண் தெரியும். கைப்பேசியோடு இணையும் எளிய கருவிகள் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கின்றன. எண்ணுக்கு முன்னே 'பி' என்ற ஆங்கில எழுத்து இருப்பின், குறை எஞ்சினையோ அதன் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பகுதியையோ சார்ந்தது. அடுத்து வரும் சுழியம், அக்குறியீடு எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவானது என்பதைக் காட்டும். அதற்கடுத்த இலக்கம் 1 அல்லது 2 எனில் எரிபொருளும் காற்றும் பற்றிய குறை. 3 எனில் நெருப்பு மூட்டுவதில் குறை. 4 எனில் புகையைத் தூய்மை செய்யும் துணை உறுப்புகளில் குறை.

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இதில் ஒரு பெரும் நன்மை அடங்கியுள்ளது. மெக்கானிக் கன்னடத்தில் பேசலாம். தக்கினி உருதுவில் பேசலாம். இந்தியிலோ மராத்தியிலோ பேசலாம். பி 0171 என்ற எண் மட்டும் எல்லா மொழியிலும் ஒரே பொருளையே தருகிறது. பட்டறைக்குச் செல்வோர், "விளக்கு எரிகிறது" என்று மட்டும் சொல்லி நிற்பதை விட, எண்ணைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்வது அறிவுடைமை. அவ்வெண்ணோடு சேர்த்து, விளக்கு எரிந்த கணத்தில் வேகமும் வெப்பமும் எவ்வளவு இருந்தன என்ற விவரத்தையும் கணிப்பொறி காத்து வைத்திருக்கும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றி விளக்கை அணைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் அணைவது விளக்கு மட்டுமன்று, சான்றும் அழிந்துவிடுகிறது.

குறியீடு குறையின் திசையைக் காட்டுமேயன்றி, குற்றவாளியைக் காட்டாது. பி 0171 என்பதன் பொருள், எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதே. அதற்குக் காரணம், எஞ்சினுக்குள் கணக்கில் வராத காற்று எங்கோ ஒரு வெடிப்பு வழியே நுழைவதாக இருக்கலாம். பம்பு தளர்ந்தோ, வடிகட்டி அடைத்தோ, குழாய் நசுங்கியோ பெட்ரோல் போதாமல் வருவதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கணிப்பொறி, கலவையைச் சரிசெய்ய எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைக் குறியீடு படிக்கும் கருவி விழுக்காட்டில் காட்டும். பொதுவாக அது பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும். எஞ்சின் நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது அத்திருத்தம் மிகுந்திருந்து, வேகம் கூட்டியதும் குறைந்தால், காற்றுக் கசிவையே முதலில் ஐயுற வேண்டும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகமும் பாரமும் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால், எரிபொருள் வரும் வழியில் தடை உள்ளது எனக் கருதலாம். ஐந்து நிமிடம் செலவிடும் இச்சோதனை, தேவையற்ற உணரியொன்றை விலைகொடுத்து வாங்குவதைத் தடுக்கும்.

விளக்கு நிலையாக எரிவதற்கும் கண் சிமிட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்திலும் மணத்திலும் மாற்றமில்லையெனில், வேகத்தைக் குறைத்துப் பட்டறை வரை செல்லலாம். கண் சிமிட்டினால், எஞ்சினில் நெருப்பு மூட்டுதல் தவறி, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அது அங்குள்ள தூய்மைக் கருவியைச் சூடேற்றி அழித்துவிடும். வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான குறைகளுக்கு அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே விளக்கு ஏறும். மூன்று ஓட்டங்களில் குறை தென்படாவிடில் தானே அணையும். ஆகவே தானாக அணைந்த விளக்கும் பொய்யுரைத்த விளக்கன்று. குறியீடு பின்னரும் சில காலம் நினைவில் நிற்கும்.

இனி, இவ்வுரையின் தலையாய செய்தியைக் கூறுவோம். எரிபொருள் குழாயில் மெல்லிய வெடிப்பு தோன்றிப் பெட்ரோல் வெளியே கசிந்தால், மஞ்சள் விளக்கு எரியும் என்ற உறுதி இல்லை. வியப்பாகத் தோன்றினும் காரணம் எளிது. பம்பு எஞ்சினுக்குத் தேவையானதை விட மிகுதியாகத் தள்ள வல்லது. சிறு கசிவை அது ஈடு செய்துவிடும். எஞ்சினுக்குள் செல்லும் அளவு குறையாததால் லாம்டா உணரிக்கு எக்குறையும் தெரியாது. புலன்கள் யாவும் புகைக்குழாயை நோக்கியிருக்க, பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தாழ்வான இடங்களில் தேங்கும். உறைகுளிரிலும் தீப்பற்ற வல்லது. அதற்கு வேண்டியது ஒரு பொறி மட்டுமே. ஆவி செல்லும் குழாயின் கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு சில கார்களில் உண்டு. பி 0442, பி 0455 என்ற எண்கள் அதனைக் குறிப்பன. ஆனால் எல்லாக் கார்களிலும் அவ்வேற்பாடு இல்லை. ஆதலால் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் கொண்டு, குழாய் நலமாயிருக்கிறது என்று முடிவு செய்தல் கூடாது. அங்கே நம் மூக்கே உணரி. நம் கண்ணே விளக்கு.

ரப்பர் குழாய் ஏன் கெடுகிறது? எஞ்சினின் வெப்பம் அதனை உலர்த்துகிறது; அதிர்வு அதன் இணைப்பருகே மடிப்புகளை உண்டாக்குகிறது; ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நெகிழ்ச்சி போய்விடுகிறது. நகர நெரிசலில் இக்கேடு விரைவுபடும். அடுகோடியிலிருந்து மடிவாளா, சில்க் போர்டு சந்திப்பு வழியாக அத்திப்பள்ளி நோக்கி ஊர்ந்து செல்லும் காரில், முன்னிருந்து வரும் காற்று போதாமல் பானட்டுக்குள் வெப்பம் தேங்குகிறது. இதனோடு எரிபொருளின் மாற்றமும் சேர்ந்துள்ளது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய வண்டிகளிலுள்ள சில வகை ரப்பர், எத்தனால் மிகுந்த எரிபொருளில் ஊதிப் பருக்கவோ கெட்டிப்படவோ கூடும். பல ஆண்டு ஓடிய காரை வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

எஞ்சின் முற்றும் ஆறிய பின், பகல் வெளிச்சத்தில் பானட்டைத் திறந்து பார்க்கலாம். குழாயை விரலால் மெல்ல அழுத்தினால் நெகிழ்ந்து மீள வேண்டும். கட்டையாக விறைத்திருத்தல், அளவு மீறி மென்மையாக இருத்தல், வளைவில் நுண்ணிய வெடிப்புகள், இணைப்பருகே ஈரக் கறை, ஓரிடத்தில் மட்டும் புடைப்பு ஆகியவை மாற்றவேண்டியதன் அடையாளங்கள். காலையில் வண்டியை முதலில் முடுக்கும்போதும், நிறுத்தி வைத்த பின்னரும் எழும் பெட்ரோல் மணத்தைப் புறக்கணிக்கலாகாது. டாங்கியின் மூடி தளர்ந்திருப்பினும் மணம் எழும். அதனை முதலில் இறுக்கிப் பார்த்தல் தகும். அதன் பின்னும் மணம் நீங்காவிடில் வண்டியை முடுக்காமலே மெக்கானிக்கை வரவழைப்பது நன்று. டீசல் காரின் உயரழுத்தக் குழாய்களை மட்டும் கையால் தடவிப் பார்த்தல் எக்காலும் ஆகாது. அவற்றில் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். ஊசி போன்ற கசிவு தோலைத் துளைத்து உட்செல்லும்.

குழாயை மாற்றும்போது சிக்கனம் பார்த்து ஏமாறுதல் கூடாது. பெட்ரோல் ஓடும் குழாய் யாவும் ஒன்றல்ல. எஸ்.ஏ.இ. ஜே 30 என்னும் தரக்குறிப்பில் ஆர் 7 வகை குறைந்த அழுத்தத்திற்கு உரியது. ஆர் 9 வகை தெளிப்பு முறை எஞ்சினின் உயர்ந்த அழுத்தத்திற்கு உரியது. இவ்வெழுத்துகள் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயையோ, காற்றுக் குழாயையோ வெட்டிப் பொருத்துவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். குழாயைப் பிடிக்கும் கிளிப்பும் முக்கியமானது. பல் பதித்த சாதாரண கிளிப்பு ரப்பரை அறுத்துவிடும். வழவழப்பான உள்விளிம்பு கொண்ட, எரிபொருள் குழாய்க்கென்றே அமைந்த கிளிப்பே ஏற்றது. புதிய கார்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதிலாக நைலான் குழாயும் அழுத்திப் பூட்டும் இணைப்பும் உள்ளன. அவற்றை இடையில் வெட்டி ரப்பர் சேர்த்து ஒட்டுப்போடாமல், அக்காருக்குரிய குழாயையே வாங்கி மாற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன் குழாயில் அடைபட்ட அழுத்தத்தைத் தணிக்க வேண்டும் என்பதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் அறிவார். அறியாதவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தல் தகாது.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடும் முன்னர், அம்மஞ்சள் விளக்கு எரிகிறதா? எரியவே இல்லையெனில், விளக்கு பழுதாகியிருக்கலாம். குறையை மறைக்க யாரேனும் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கவும் கூடும். அணைந்த விளக்கு நற்சான்று ஆவது, அது எரிய வல்லது என்பதைக் கண்ட பின்னரே.

வழியில் பெட்ரோல் மணம் திடீரென மிகுந்தால் செய்யவேண்டியவற்றை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குழந்தைகள் உட்பட அனைவரும் இறங்கித் தொலைவில் நிற்க வேண்டும். புகை பிடிப்பது கூடாது. மீண்டும் முடுக்கிப் பார்க்கும் ஆசையும் கூடாது. பானட்டின் அடியில் புகையோ தழலோ தெரிந்தால் அதனைத் திறக்கலாகாது. திறந்ததும் காற்று புகுந்து தீ ஓங்கும். பெட்ரோல் தீயின் மேல் தண்ணீர் ஊற்றினால், பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீ பரவும். சிறு தீக்கு உலர்தூள் அணைப்பான் உதவும். அதற்கு மேற்பட்டதாயின் 112 என்ற எண்ணை அழைத்துவிட்டு விலகி நிற்பதே அறிவு. பெட்டியும் படுக்கையும் மீட்கத் திரும்பிச் செல்ல வேண்டா.

நீண்ட பயணத்திற்கு முந்திய வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தல், எரிந்து நின்றால் எண்ணைக் குறித்தல், குழாயைத் தொட்டு நோக்குதல், மணத்தை முகர்தல் ஆகிய நான்கும் யாவரும் செய்யத்தக்கவை. கணிப்பொறி தன் கடமையைச் செய்கிறது. அதன் எல்லைக்கு வெளியே உள்ளதைக் காப்பது வண்டியில் ஏறுவோரின் கடமை. ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய காராயின், ஒரு ரப்பர் குழாயின் விலையையும் பின்னிருக்கையில் அமர்வோரின் உயிரையும் ஒரு தட்டில் வைத்து எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. ஐயம் தோன்றிய குழாயை மாற்றிவிட்டே ஊருக்குப் புறப்படுதல் வேண்டும்.